ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா எலும்பு நோவுக்கு சொலெட்ரோனிக் சேலைன்: ஏத்த முதல் என்ன பார்க்க வேணும்?

களுவாஞ்சி
தங்கச்சிக்கு 24 வயது. வலது தொடை எலும்பிலயும் ரெண்டு விலா எலும்பிலயும் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா (நல்ல எலும்பு இருக்க வேண்டிய இடத்தில நார்த் திசு வளருற நோய்). பனடோல், டைக்ளோஃபெனாக் ரெண்டும் இப்ப இரவு நோவுக்குப் பத்துதில்ல. சொலெட்ரோனிக் அசிட் (சொலெட்ரோனேற்) என்ற எலும்பு மருந்தை 5 மில்லிகிராம் நரம்பால ஏத்தலாம் என்று கிளினிக்கில சொல்றாங்க. அதே வகையில அலெண்ட்ரோனேற் குளுசை இருக்குதானே, அது போதாதா?

கல்முனை மருந்தாளர்
குளுசை போதாது தம்பி. அலெண்ட்ரோனேற்றை இந்த நோயில ஆய்வு செய்து பார்த்தாங்க, நோவு குறையல்ல. நரம்பால ஏத்துற சொலெட்ரோனேற், பமிட்ரோனேற் ரெண்டும்தான் நோவுக்குப் பாவிக்கிறது. அதுவும் எல்லாருக்கும் கேட்காது.

ஆனா அதுக்கு முதல் நோவு எங்கயிருந்து வருது என்று பாருங்க. இந்த நோய் பிடிச்ச எலும்பு எஃப்ஜிஎஃப்23 என்ற ஹோர்மோனைக் கூடுதலாச் சுரக்கும், பொஸ்பேற் சிறுநீரோட போயிரும். பொஸ்பேற் குறைஞ்ச எலும்பு நோகத்தான் செய்யும். அதைத் திருத்தாம சொலெட்ரோனேற் ஏத்தினா எலும்பு இன்னும் மெதுமையாகலாம். காலையில வெறும் வயிற்றில பொஸ்பேற், அதோட கல்சியம், விற்றமின் டி, பிடிஎச் (கல்சியத்தைக் கட்டுப்படுத்துற ஹோர்மோன்), கிரியாற்றினின் (சிறுநீரகம் வேலை செய்யுற அளவைக் காட்டுறது) எல்லாம் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. பொஸ்பேற் குறைவென்றா பொஸ்பேற்றும் அல்ஃபாகல்சிடோலும் (விற்றமின் டி வகை மருந்து) தருவாங்க. பொஸ்பேற்றை நாளைக்கு நாலைஞ்சு தரமாப் பிரிச்சுக் குடிக்க வேணும், கல்சியக் குளுசையோட ஒரே நேரத்தில வேணாம். விற்றமின் டி மில்லிலீற்றருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ என்றா அதை முதல்ல கூட்டி எடுக்க வேணும். கிரியாற்றினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டுற வேகம்) நிமிஷத்துக்கு 35 மில்லிலீற்றருக்குக் கீழ இருந்தா சொலெட்ரோனேற் கூடாது.

கால் ஊன்றக்குள்ள மட்டும் புதுசா நோகுதென்றா தொடைக்கு எக்ஸ்ரே எடுத்தே ஆக வேணும். மயிர்க்கோட்டு முறிவு இருந்தா எந்த மருந்தும் உதவாது, எலும்பு வைத்தியர்தான் பார்க்க வேணும்.

ஏறாவூர் நேர்ஸ்
ஏத்துற அன்றைக்கு: முதல்ல நல்லாத் தண்ணி குடிக்க வைங்க. 5 மில்லிகிராம் 100 மில்லிலீற்றர் போத்தலாகவே வரும், 4 மில்லிகிராம் குப்பி என்றா 100 மில்லிலீற்றர் நோமல் சேலைன்ல கலக்கிறது. ஹார்ட்மன் சேலைன்ல கல்சியம் இருக்கு, அதோட சேர்க்கவே கூடாது. 15 நிமிஷத்துக்குக் குறைய ஏத்தினா சிறுநீரகம் பாதிக்கும், அரை மணித்தியாலம் எடுத்தா நல்லம். அந்தக் கிழமை டைக்ளோஃபெனாக்கை நிப்பாட்டலாமா என்று வைத்தியரிட்டக் கேளுங்க.

முதல் ஏத்தலுக்குப் பிறகு ஒரு நாளைக்குள்ள காய்ச்சலும் உடம்பு உளைவும் வாறது வழமை, பொதுவா மூணு நாளில விட்டிரும். பனடோல் 500 ரெண்டு, ஆறு மணித்தியாலத்துக்கொருக்கா, நாளைக்கு எட்டுக்கு மேல வேணாம். மாரி காலத்தில மட்டக்களப்புப் பக்கம் டெங்கு கூட. அதனால காய்ச்சல் மூணு நாளைத் தாண்டினா, அல்லது வாந்தி, வயிற்று நோ வந்தா, ஊசிக் காய்ச்சல்தானே என்று இருக்காம எஃப்பிசி (இரத்த அணுக்களை எண்ணுற பரிசோதனை) செய்யுங்க. டெங்கு இல்லையென்று தெரியும்வரை டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் தொடவே வேணாம்.

வாயைச் சுத்தி விறைப்பு, விரல் கூச்சம், தசைப் பிடிப்பு வந்தா கல்சியம் இறங்கியிருக்கு, அன்றைக்கே காட்டுங்க.

களுவாஞ்சி
மிச்சம் நன்றி ரெண்டு பேருக்கும். வருஷா வருஷம் ஏத்த வேணுமா? பல்லும் ஒன்று சூத்தையா இருக்கு.

கல்முனை மருந்தாளர்
பல்லை முதல்ல பிடுங்கி, புண் ஆறினாப் பிறகு ஏத்துங்க. ஏத்தின பிறகு பிடுங்கினா தாடை எலும்பு ஆறாமப் போற ஆபத்து இருக்கு, மருந்து கூடக் கூட அதுவும் கூடும்.

அடுத்த ஏத்தலுக்கு நாட்காட்டி பார்க்கிறதில்ல, நோவு திரும்பினாத்தான். தினமும் இரவு நோவுக்கு 0 இலிருந்து 10 வரை ஒரு இலக்கம் கிளினிக் கொப்பியில எழுதச் சொல்லுங்க. இலக்கம் குறையல்லயென்றா திரும்பத் திரும்ப ஏத்துறதில பிரயோசனமில்ல, ஏனென்றா இது நோவை மட்டும்தான் குறைக்கும், நோய் பிடிச்ச எலும்பை மாத்தாது. டெனோசுமாப் (எலும்பு கரையிறதைத் தடுக்கிற இன்னொரு ஊசி) பற்றி யாராவது சொன்னா, நிப்பாட்டக்குள்ள கல்சியம் திடீரென ஏறும் என்றதையும் சேர்த்துக் கேளுங்க.

மறுகா ஒன்று, தங்கச்சிக்குக் கல்யாணம், பிள்ளை யோசனை இருந்தா ஏத்த முதலே வைத்தியரிட்டச் சொல்ல வேணும். இந்த மருந்து எலும்பில வருஷக்கணக்கா நிற்கும்.