புதுப்பிப்பு: அம்மா அப்பாவோடு மேற்கு அமெரிக்கா போய் வந்தாச்சு

"பஸ் டூரா, வாடகைக் காரா?" என்று போன மாதம் கேட்டிருந்தேனே, கடைசியில் பஸ்தான். சால்ட் லேக் சிட்டியில் ஏறி எட்டு நாள். அப்பாவின் முழங்காலுக்கு ஏறி இறங்குவதுதான் பாடு, மற்றபடி சுகம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று ஒருமுறை பொங்கினால் மறுமுறை பொங்க ஏறக்குறைய 90 நிமிடம் ஆகும். இரண்டு மணி நேரம் கொடுத்ததால் பார்த்தோம். பிரைஸ் கேன்யன் விளிம்பு 8,000 அடி உயரம், ஜூனிலும் விடியற்காலையில் ஸ்வெட்டர் வேண்டும்.

ஒரு கூத்து. அரிசோனாவில் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதில்லை, அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் தள்ளுவார்கள். அந்த நிலத்தை ஒட்டிய, அரிசோனா நேரப்படி நடக்கும் பேஜ் ஊரில் என் போன் நவஹோ நேரத்துக்குத் தாவிவிட்டது. ஆறு மணி பஸ்ஸுக்கு ஐந்துக்கே பெட்டியோடு நின்றோம். அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.