எட்டாத ஃபீல்ட் கோலைப் பிடித்து ஓடினால் டச்டவுனா? (ஆபர்ன் – அலபாமா, 2013)

கடைசிவிநாடி:
2013 நவம்பர் 30, அமெரிக்கன் ஃபுட்பாலில் ஆபர்ன், அலபாமா பல்கலைக்கழக அணிகள் மோதும் அயர்ன் பவுல் ஆட்டத்தின் கடைசி பிளே. 28–28, மிச்சம் ஒரே விநாடி. அலபாமா 57 யார்டிலிருந்து ஃபீல்ட் கோல் (கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடிக்கிறது, பந்து எட்டவில்லை. ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மறுமுனை வரை ஓடி டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோல் லைனைத் தாண்டினால் 6 புள்ளி) எடுத்துவிட்டார். கோல் போகாத பந்து அதோடு டெட் (அந்த பிளே முடிந்தது) இல்லையா? அவரைத் தடுக்க ஏன் ஆளே இல்லை?

நாலாவதுடவுன்:
டெட் இல்லை. எண்ட் ஸோனில் (கோல் லைனுக்குப் பின்னால் உள்ள பகுதி) யாரும் தொடாமல் தரையில் விழுந்தால்தான் டெட். அதற்குமுன் காற்றிலேயே பிடித்தால் ஓடலாம். பொதுவாக யாரும் பிடிக்க மாட்டார்கள். சும்மா விட்டாலே கிக்குக்கு ஸ்னாப் செய்த (பந்தைப் பின்னால் கொடுத்து பிளேயைத் தொடங்கிய) இடத்தில் பந்து கிடைத்துவிடும். பிடித்து ஓடி நம் 10 யார்டு கோட்டில் மாட்டினால் நமக்குத்தான் நஷ்டம். அன்று நேரமே தீர்ந்துவிட்டதால் அந்தக் கணக்கு செல்லவில்லை. விழுந்தால் ஓவர்டைம், அவ்வளவுதான்.

இன்னொன்று: கோல் கம்பம் கோல் லைனில் இல்லை, அதற்குப் பின்னால் 10 யார்டு தள்ளி இருக்கிறது. 57 யார்டு கிக் என்றால் பந்தை வைத்து அடித்தது 47 யார்டு கோட்டில். இவ்வளவு தூரத்தில் அடித்தால் பந்து குறைவாக விழுவதற்கே வாய்ப்பு அதிகம். ஆபர்ன் டைம் அவுட் எடுத்து, டேவிஸைப் பின்னால் நிறுத்தியது அதற்காகத்தான்.

சைட்லைன்:
ஆள் இல்லாததற்குக் காரணம் ஃபீல்ட் கோல் யூனிட்டின் அமைப்பு. கிக்கர், ஹோல்டர் (பந்தைத் தரையில் பிடித்து வைப்பவர்), ஸ்னாப்பர் போக மீதி பெரும்பாலும் கனமான லைன்மேன்கள். தோளோடு தோள் ஒட்டி நின்று எதிரணி கிக்கை பிளாக் செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை. பண்ட் (பந்தை எதிரணிக்குத் தொலைவாக உதைத்துக் கொடுப்பது) டீமில் இரு ஓரத்திலும் இருக்கும் வேகக்காரர்கள் இதில் கிடையாது. கிக் போனதும் விசிறிபோல விரிந்து ஆளுக்கொரு பாதையை அடைக்க வேண்டும். இவர்கள் நடுவிலேயே நெரிந்து நின்றார்கள். டேவிஸ் இடது ஓரக்கோட்டை ஒட்டியே போய்விட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து அடித்ததைக்கூட மன்னிக்கலாம், கவர் பண்ணாததை மன்னிக்க முடியாது.

கடைசிவிநாடி:
புரிந்தது. ஸ்கோர் 34–28 என்று இருக்கிறதே, டச்டவுனுக்குப் பிறகு உதைத்து எடுக்கும் எக்ஸ்ட்ரா பாயிண்ட் எங்கே போனது?

நாலாவதுடவுன்:
நேரம் முடிந்த பிளேயில் டச்டவுன் வந்து, கூடுதல் புள்ளியால் வெற்றி தோல்வி மாறாது என்றால் அதை அடிப்பதே இல்லை.

அந்த ஒரு விநாடி வந்த கதையையும் பாருங்கள். அதற்கு முந்தைய பிளேயில் அலபாமா வீரர் யெல்டன் பந்தோடு 38 யார்டு கோட்டில் ஓரக்கோட்டுக்கு வெளியே போனபோது கடிகாரம் 0:00 காட்டியது. அலபாமா பயிற்சியாளர் சேபன் வாதாட, ரீப்ளே பார்த்து ஒரு விநாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்டு வாங்கிய விநாடியிலேயே தோற்றார்கள்!

சைட்லைன்:
ரீப்ளே இல்லாத காலத்துக்கு உதாரணம் 1990 கொலராடோ – மிசூரி ஆட்டம். ஒரு டைம் அவுட்டுக்குப் பிறகு டவுன் (ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று) எண்ணைக் காட்டும் பலகையில் 2ஐ 3 ஆக மாற்ற மறந்துவிட்டார்கள். நாலாவது டவுனை மூன்றாவது என்று நினைத்து கொலராடோ பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தியது. நியாயப்படி ஆட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஐந்தாவது டவுன் ஆடி 33–31 ஜெயித்தது. அந்த வருட தேசியப் பட்டத்தையும் ஜார்ஜியா டெக்கோடு பகிர்ந்துகொண்டது.