மேலத்தெரு சொந்தங்கள்: பதினாறாம் நாள் அட்டை

செந்தில்: நினைவு அட்டை நாளை காலை 10 மணிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். பெரியப்பாவைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறேன்: "1971 முதல் 1978 வரை எத்தியோப்பியாவில் கணித ஆசிரியர். மன்னர் ஹைலி செலாசியைக் கொன்று கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததை நேரில் கண்டவர்." சரிதானே?

சுந்தரி அத்தை: படம் எது? கோட் போட்டதா?

கோமதி: செந்தில், அது தப்பு. 1974 செப்டம்பர் 12-ல் மன்னரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள், கொல்லவில்லை. அரண்மனையிலிருந்து ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பின் சீட்டில் ஏற்றிப் போனார்கள். முந்தின இரவு டிவியில் வடக்கே வோலோ மாகாணத்துப் பஞ்சத்தையும் அரண்மனை விருந்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார்களாம். அடுத்த வருடம் ஆகஸ்டில்தான் காவலில் இறந்தார். ஆட்சிக்கு வந்தது கட்சியும் இல்லை. பட்டாளத்துக்காரர்களின் குழு, டெர்க் என்று பெயர். நவம்பரில் பழைய மந்திரிகள், தளபதிகள் என்று 60 பேரைச் சுட்டார்கள். சோஷலிசம் என்று அறிவித்ததே டிசம்பரில்தான்.

செந்தில்: அக்கா, அட்டையில் நாலு வரிதான் இடம்.

முருகேசன் சித்தப்பா: பஞ்சத்தை மூடி மறைத்த மன்னர். அதையும் போடு.

கோமதி: அப்பா இருந்ததே வோலோவில், தெஸ்ஸே ஊரில். 1973-ல் ரோட்டோரம் பசியில் விழுந்து கிடந்தவர்களைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனார். அதனால்தான் நம் வீட்டில் யாரும் தட்டில் சோறு மிச்சம் வைக்க முடியாது.

சுந்தரி அத்தை: மதினி சாப்பிட்டாளா?

கோமதி: அரை தோசை.

முருகேசன் சித்தப்பா: 1975-ல் நிலப்பிரபுக்களிடமிருந்து நிலத்தை எடுத்து உழுகிறவனுக்குப் பிரித்தார்கள். அண்ணனே சந்தோஷமாகக் கடிதம் போட்டார். என்னிடம் இருக்கிறது.

கணேசன் மாமா: அதே கடிதத்தில் மேலவயல் கிரயத்துக்கு அனுப்பிய பணக் கணக்கும் இருக்குமே, மச்சான்.

சுந்தரி அத்தை: அது இப்போது வேண்டாம்.

கோமதி: நிலம் கிடைத்ததை அப்பா மறைத்ததே இல்லை, சித்தப்பா. ஆனால் 1977-ல் டெர்க் தொடங்கிய சிவப்புப் பயங்கரம் என்ற கொலைவேட்டையில் செத்தது யார்? படிக்கிற பிள்ளைகள். டெர்க் தலைவர் மெங்கிஸ்துவின் ஆட்களும் மார்க்ஸ் பெயரைச் சொன்னார்கள், செத்த பிள்ளைகளும் அதே மார்க்ஸைப் படித்தவர்கள். சுட்ட குண்டுக்குக் காசு கட்டினால்தான் உடல் என்று எத்தனையோ வீடுகளில் கேட்டார்கள். தன் வகுப்பில் மூன்று பெஞ்சு காலி என்பார். அதற்குமேல் பேச மாட்டார்.

முருகேசன் சித்தப்பா: என்னிடம் அதைச் சொன்னார். நான் நம்பவில்லை. ஆறு வருடம் பேசாமல் இருந்தோம்.

வள்ளி: அம்மா, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ராஜா தலை போட்ட நோட்டு இருக்கிறது. மாற்ற முடியுமா?

கோமதி: 1976-ல் புது நோட்டு வந்தபோதே அது போய்விட்டது. மடிக்காமல் வை.

வள்ளி: அதனோடு ஒரு தாள். வருகைப் பதிவேட்டில் கிழித்தது போல. 11 பெயருக்கு எதிரே பென்சிலில் புள்ளி வைத்திருக்கிறார். படம் எடுத்துப் போடவா?

கோமதி: குழுவில் போடாதே.

முருகேசன் சித்தப்பா: நான் காலையில் வந்து பார்க்கிறேன். அதுவரை அட்டையைக் கொடுக்காதே, செந்தில்.

செந்தில்: அப்பா, 10 மணிக்குள்.

முருகேசன் சித்தப்பா: முதல் பஸ்ஸில் வருகிறேன்.

சுந்தரி அத்தை: கோட் போட்ட படமே இருக்கட்டும். அப்புறம், தயிர் எத்தனை லிட்டர் சொல்லியிருக்கிறீர்கள்?