சிங்கப்பூரிலிருந்து கேஎல், ஹாட்யாய் வரை பஸ்ஸில்: புதிதாக வந்தவர்கள் கிளம்பும் முன்

வேலைக்கு வந்து இரண்டு மூன்று மாதம் ஆனதும் எல்லாருக்கும் இந்த ஆசை வந்துவிடும். நீண்ட வார இறுதி வருகிறது, பக்கத்திலேயே மலேசியா இருக்கிறது, அதைத் தாண்டினால் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரம், பஸ் ஏறிப் போய்வந்தால் என்ன? தாராளமாகப் போகலாம். நான் ஏழு வருடமாகப் போய்வருகிறேன். ஆனால் சென்னையிலிருந்து மதுரைக்குப் போடும் கணக்கை இங்கே போட்டால் சரிவராது. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், அதாவது கேஎல், சுமார் 350 கி.மீ.தான், சாலை நன்றாக இருக்கும், ஐந்தாறு மணி நேரத்தில் போய்விடலாம். நடுவில் உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாருவுக்கு, அதாவது ஜேபிக்கு, போகும் கடற்பாலம் இருக்கிறதே, அது ஒரு கிலோமீட்டர் நீளம்தான். அந்த ஒரு கிலோமீட்டர் சில நாட்களில் மீதி 349-ஐவிட அதிக நேரம் பிடிக்கும். அதனால் பயணத்தைத் தூரத்தை வைத்துத் திட்டமிடாதீர்கள், எல்லையை வைத்துத் திட்டமிடுங்கள்.

டிக்கெட்டுக்கு முன்னால் உங்கள் கையில் என்ன தாள் இருக்கிறது என்று பாருங்கள். வேலைக்கான முன் அனுமதிக் கடிதத்தை, அதாவது ஐபிஏவை, வைத்து உள்ளே வந்திருப்பீர்கள். அது பொதுவாக ஒருமுறை நுழைவதற்கு மட்டும்தான். உங்கள் வேலை பாஸ், ஈபியோ எஸ் பாஸோ, முறையாக வழங்கப்படும் வரை சிங்கப்பூரைவிட்டு வெளியே கால் வைக்காதீர்கள். "ஜேபிக்குத்தானே, சாயங்காலம் திரும்பிவிடுவோம்" என்று கிளம்பி, திரும்பும்போது வாசலில் நிற்க நேர்ந்தால் அது பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது காலம் மிச்சம் இருக்க வேண்டும்.

அடுத்தது, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது. நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் விசாவா, ஒருமுறை மட்டுமா என்று விசாத் தாளை எடுத்து ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். ஒருமுறைதான் என்றால் மலேசியாவுக்குப் போன மறு நிமிடம் அந்த விசா முடிந்தது. பெரியவர்களை ஜோகூரில் உட்கார வைத்துவிட்டு இங்கே ஏஜெண்டைத் தேடி ஓடிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். விசா சரியாக இருந்தாலும், திரும்பி வரும்போது எத்தனை நாள் தங்கவிடுவது என்பது அன்றைக்குக் கவுண்டரில் இருக்கும் அதிகாரியின் முடிவு. அவர்கள் ஊர் திரும்பும் விமான டிக்கெட்டை அச்சடித்துக் கையில் வைத்திருங்கள்.

மலேசியாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் 30 நாள் வரை போகலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். விசா இல்லை என்றால் ஒன்றுமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. திரும்பும் டிக்கெட், தங்குமிடம், செலவுக்குப் பணம், மூன்றையும் கேட்கலாம். அப்புறம் எம்டிஏசி என்கிற மலேசிய மின்வருகை அட்டை. போய்ச் சேரும் நாளுக்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இது வேண்டாம், ஆனால் ஈபி, எஸ் பாஸ் வைத்திருக்கும் நமக்கு வேண்டும். ஆபீஸில் கூட வரும் சிங்கப்பூர் நண்பர் "எனக்கு ஒன்றும் கேட்டதில்லையே" என்பார். அவருக்குக் கேட்க மாட்டார்கள். இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிட்டு வெளியே வாருங்கள். இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்தியருக்கான விதி தங்களுக்கும் பொருந்தும் என்று நினைக்காமல், தங்கள் நாட்டுக்கான விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எல்லையில் நடப்பது. முதல் தடவை போகிறவர்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. பஸ் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நிற்கும், எல்லாரும் இறங்கி மேலே போய் வெளியேறும் சோதனை முடித்து, கீழே வந்து மறுபடி பஸ் ஏற வேண்டும். பாலம் தாண்டியதும் ஜேபியில் அதேபோல இன்னொரு தரம். அங்கே பெட்டி, பை எல்லாவற்றையும் இறக்கித் தூக்கிக்கொண்டு போய் ஸ்கேனரில் வைக்க வேண்டும். அதனால் 28 அங்குலப் பெட்டி வேண்டாம், முதுகுப் பை ஒன்று போதும். இரண்டு பக்கமும் பஸ் உங்களுக்காகக் காலவரையின்றிக் காத்திருக்காது. அரை மணி நேரம் பார்ப்பார்கள், அப்புறம் கிளம்பிவிடுவார்கள்.

எனக்கு அது நடந்தது. ஒரு புனித வெள்ளி வார இறுதி, நான், மனைவி, அம்மா. மலேசியக் கவுண்டரில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கருவியில் வைக்கச் சொல்வார்கள். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, வாழ்நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்த கை. ரேகை விழவேயில்லை. புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைக்கிறார், சிவப்பு விளக்குத்தான் எரிகிறது. கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக ஈரத் தாளை எடுத்துக் கொடுத்து, அம்மாவின் விரலைத் தானே பிடித்து அழுத்தினார். ஆறாவதோ ஏழாவதோ தடவையில் விழுந்தது. கீழே ஓடி வந்தால் பஸ் இல்லை. நல்லவேளை, பைகள் எங்கள் தோளில் இருந்தன. உள்ளூர் பஸ் பிடித்து ஜேபியின் லார்கின் பஸ் நிலையத்துக்குப் போய், புது டிக்கெட் எடுத்து, இரவு பதினொன்றுக்கு கேஎல் சேர்ந்தோம். அன்றிலிருந்து மூன்று காரியம் தவறாமல் செய்கிறேன். இறங்கும்போதே பஸ்ஸின் நம்பர் பிளேட்டைப் படம் பிடிப்பது. ஓட்டுநரின் கைபேசி எண்ணை வாங்கி, "கூட வயதானவர் இருக்கிறார்" என்று முன்கூட்டியே சொல்வது. எந்தப் பையையும் பஸ்ஸுக்குள் விட்டுப் போகாமல் இருப்பது. பெரியவர்கள் இருந்தால் முந்திய நாளிலிருந்தே கையில் எண்ணெயோ கிரீமோ தேய்த்துவிடுங்கள், உலர்ந்த விரலுக்கு அது உதவுகிறது.

கவுண்டரில் நின்று போனவர்கள் முத்திரை விழுந்ததா என்று நகரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நுழைந்த பதிவு இல்லாமல் வெளியேற முயன்றால் மணிக்கணக்கில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

எந்தப் பஸ் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சிங்கப்பூரிலிருந்தே நேராகப் போகும் பெரிய பஸ். முன்பெல்லாம் பீச் ரோட்டில் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ்தான் இதற்கெல்லாம் தலைமையிடம், ஹாட்யாய் பஸ் என்றாலே அங்கேதான் போவோம். 2023-இல் அந்தக் கட்டடம் காலியானது, கம்பெனிகள் பக்கத்துக் கட்டடங்களுக்கும் மற்ற இடங்களுக்கும் பிரிந்துவிட்டன. பழைய பதிவுகளை நம்பி அங்கே போய் நிற்காமல், டிக்கெட்டில் போட்டிருக்கும் ஏறுமிடத்தைப் பாருங்கள். இரண்டாவது வழி, சிங்கப்பூர் குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து 170-ஆம் நம்பர் பஸ் அல்லது மஞ்சள் நிற காஸ்வே லிங்க் பஸ் பிடித்து எல்லை தாண்டி, ஜேபியில் லார்கின் நிலையத்தில் கேஎல் பஸ் ஏறுவது. இந்த முறையில் சாவடியில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டாலும் அதே வரிசையில் அடுத்தது வரும், டிக்கெட்டைக் காட்டியோ கார்டைத் தட்டியோ ஏறிக்கொள்ளலாம். கேஎல் டிக்கெட்டை ரிங்கிட்டில் எடுப்பதால் காசும் நன்றாக மிச்சமாகும். தனி ஆளாகவோ நண்பர்களோடோ போனால் நான் லார்கின் வழியைத்தான் சொல்வேன். குழந்தையோ பெற்றோரோ கூட வந்தால் நேர் பஸ், அதிலும் துவாஸ் இரண்டாம் பாலம் வழியாகப் போகும் பஸ். கூட்ட நாட்களில் அந்தப் பக்கம் பெரும்பாலும் கொஞ்சம் பரவாயில்லை.

நாள் தேர்வு எல்லாவற்றையும்விட முக்கியம். பள்ளி விடுமுறை உச்சத்தில் உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டு சாவடிகளையும் ஒரே நாளில் 5 லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் கிளம்பவே கிளம்பாதீர்கள். முன்பு ஜோகூரில் வெள்ளி, சனிதான் விடுமுறை. 2025 ஜனவரியிலிருந்து அங்கேயும் சனி, ஞாயிறு ஆகிவிட்டதால் இரண்டு பக்கக் கூட்டமும் ஒரே நேரத்தில் சேருகிறது. சனி விடியற்காலை நான்கு மணி, அல்லது ஒரு நாள் லீவு போட்டு வியாழன் காலை, இதுதான் நல்லது. சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் மலேசியாவில் ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும், நெடுஞ்சாலை முழுக்க வண்டியாக இருக்கும். அந்த வாரங்களை விட்டுவிடுங்கள்.

பஸ்ஸுக்குள் குளிர் நடுக்கும். சட்டை போதாது, ஸ்வெட்டரும் காலுறையும் வேண்டும். சீட் பெல்ட் 2025 ஜூலையிலிருந்து மலேசிய விரைவு பஸ்களில் கட்டாயம், போடாவிட்டால் அபராதம். அபராதத்துக்காக இல்லை, இரவு பஸ்ஸில் தூங்கும்போதும் போட்டுக்கொண்டே தூங்குங்கள். வழியில் யோங் பெங், பாகோ போன்ற இடங்களில் நிறுத்துவார்கள். கழிப்பறைக்குச் சில்லறை கேட்கலாம், ரிங்கிட் நாணயம் கொஞ்சம் வைத்திருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: நாசி லெமாக்கைத் தேங்காய்ச் சோறு என்று நம்பி வாங்கினால் சம்பலில் நெத்திலி இருக்கும். கறி, முட்டை வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, "இக்கான் பிலிஸ்" வேண்டாம் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். நான் வீட்டிலிருந்தே புளிச்சோறு கட்டிக்கொண்டு போகிறேன், நிறுத்துமிடத்தில் ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டால் முடிந்தது.

கேஎல்லில் பல பஸ்கள் டிபிஎஸ் என்ற பெரிய பஸ் நிலையத்தில் விடும். அதை ஒட்டியே பண்டார் தாசேக் செலாத்தான் ரயில் நிலையம். அங்கிருந்து கேடிஎம் ரயிலில் மாறாமலேயே பத்துமலைக்குப் போய்விடலாம், அதே தடத்தின் கடைசி நிறுத்தம் அது. அம்மாவை அப்படித்தான் கூட்டிப்போனேன், 272 படி, நின்று நின்று ஏறினார். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. கிளம்பும் நாளில், இணையத்தில் டிக்கெட் எடுத்திருந்தாலும் டிபிஎஸ்ஸில் போர்டிங் பாஸ் வாங்க வேண்டியிருக்கலாம், அரை மணி நேரம் முன்பே போங்கள்.

ஹாட்யாய் போவதானால் முதல் பயணத்திலேயே சிங்கப்பூரிலிருந்து ஒரே மூச்சில் போகாதீர்கள். கேஎல்லில் ஒரு நாள் தங்கிவிட்டுப் போனால் உடம்பு தாங்கும். கேஎல்லிலிருந்து 500 கி.மீ.க்கு மேல், இரவு பஸ் ஏறினால் விடியும் நேரத்தில் கெடாவின் புக்கிட் காயு ஹித்தாம் எல்லையில் நிற்பீர்கள். அந்தப் பக்கம் சடாவ், அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் ஹாட்யாய். தாய்லாந்துக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால், திரும்பும் டிக்கெட்டில் போட்டிருப்பது தாய்லாந்து நேரம். இந்தியருக்கு 2023 நவம்பர் முதல் விசா விலக்கு கொடுத்தார்கள், ஆனால் நாட்கணக்கை இடையில் மாற்றியிருக்கிறார்கள், கிளம்பும் வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒரு தரம் பாருங்கள். 2025 மே முதல் டிடிஏசி என்ற மின்அட்டை கட்டாயம், இதுவும் இலவசம், இதுவும் மூன்று நாளுக்குள். எல்லைக்கு முன்னால் சிலர் "நிரப்பித் தருகிறோம், பத்து ரிங்கிட்" என்று பஸ்ஸில் ஏறுவார்கள், முந்தைய நாளே நிரப்பிவிட்டால் தலையசைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். பணம் இருக்கிறதா என்று காட்டச் சொல்லலாம், அதனால் கொஞ்சம் பாட் ரொக்கமாக இருக்கட்டும்.

நவம்பர், டிசம்பரில் அந்தப் பக்கம் போக வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு ஹாட்யாய் மூழ்கியிருக்கிறது: 2000, 2010, மறுபடி 2025 நவம்பரில் மிக மோசமாக. அதேபோல யாலா, பட்டானி, நராத்திவாட் மாநிலங்களில் பல வருடமாக வன்முறை நடக்கிறது, அந்தப் பகுதிகளுக்குப் பயணக் காப்புறுதி செல்லாமல் போகலாம். ஹாட்யாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் சைவத்துக்கு "ஜே" என்று கேளுங்கள், மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளில் மீன் சாறும் இருக்காது, பூண்டு வெங்காயமும் இருக்காது.

திரும்பும்போது ஞாயிறு மாலையைத் தவிருங்கள், மதியத்துக்குள் ஜேபியைத் தாண்டிவிடுங்கள். மலேசியாவிலிருந்து வரும்போது மதுவுக்கு வரிச்சலுகை கிடையாது, ஒரு புட்டி கூட. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் கிடையாது. மின்சிகரெட் சட்டவிரோதம். வெளியே வாங்கிய பொருட்களுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது வேலை பாஸ் வைத்திருக்கும் நமக்கு இல்லை. புது போனோ நகையோ வாங்கினால் அறிவித்துவிடுங்கள், சிவப்புப் பாதையில் போய் வரி கட்டுவது அரை மணி நேர வேலை.

பாஸ் வைத்திருப்பவர்கள் தரைவழியாகத் திரும்பும்போது எஸ்ஜி அரைவல் கார்டு என்ற சிங்கப்பூர் மின்வருகை அட்டை வேண்டாம். கூட வரும் அப்பா அம்மாவுக்கு ஒவ்வொரு தரமும் புதிதாக வேண்டும், முதலில் விமானத்தில் வந்தபோது நிரப்பியது செல்லாது. பாகோவில் பஸ் நிற்கும்போது, அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் உங்கள் போனிலேயே நிரப்பிவிடலாம்.