ஜிங்க் தேயவே இல்லை, ஆனால் கியர் பாக்ஸ் அரிக்குது: அவுட்போர்டு எஞ்சினில் என்ன கோளாறு?

கீழக்கரை_பைபர்:
படகுக்குப் பின்னால மாட்டுற எஞ்சின், 9.9 ஹெச்பி டூ ஸ்ட்ரோக், மண்ணெண்ணெய் மாடல். கரைக்கு வந்ததும் டிரம்மில் இறக்கி ரெண்டு நிமிஷம் ஓட்டி அலசுறோம். அப்படியும் ஹெட் கவர் போல்ட்டைச் சுத்தி வெள்ளைப் பொடி பூக்குது. கியர் பாக்ஸில் பெயிண்ட் கொப்புளிச்சு, சுரண்டினா உள்ளே குழி. எஞ்சினைக் குளிர வச்சுட்டு பக்கவாட்டு ஓட்டையில் வர்ற தண்ணி நூல் மாதிரி ஒழுகுது. அரிப்பைத் தடுக்க மாட்டுற ஜிங்க் (துத்தநாகக் கட்டி) மட்டும் வாங்கினப்ப இருந்த மாதிரியே பளபளன்னு இருக்கு, அது நல்ல சரக்குன்னுதானே அர்த்தம்? அலசுறது போர் தண்ணி, கொஞ்சம் கரிக்கும்.

ஓபிஎம்_பட்டறை:
இல்லை தம்பி, நேர் எதிர். ஜிங்க் தேயணும், அதுக்குத்தான் அதை மாட்டுறது. அது கரைஞ்சாத்தான் அலுமினியம் பிழைக்கும். ஆறு மாசம் கடலில் கிடந்தும் தேயலைன்னா அதுக்கும் எஞ்சின் பாடிக்கும் மின்தொடர்பு இல்லை. வழக்கமான காரணம் மூணு: யாரோ பெயிண்ட் அடிக்கும்போது ஜிங்க் மேலயும் அடிச்சிருப்பாங்க, ஜிங்க் உட்காருற இடத்தில் பெயிண்டோ துருவோ இருக்கும், இல்லைன்னா பிராக்கெட்டிலிருந்து பாடிக்குப் போற சின்ன எர்த் வயர் அறுந்திருக்கும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வச்சு ஒரு முனையை ஜிங்கில் சுரண்டி அழுத்து, இன்னொண்ணை பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வை. 1 ஓமுக்குக் கீழே வரணும். வரலைன்னா கழட்டி, உட்காருற இடத்தை உலோகம் தெரியுற வரைக்கும் எமரி பேப்பரில் தேய்ச்சு மாட்டு. பாதி கரைஞ்சதும் மாத்திடு. ஜிங்க்னு சொல்லி மெக்னீசியக் கட்டியை எவனாவது கொடுத்தா வாங்காதே, அது ஆத்துத் தண்ணிக்கு. கடலில் சீக்கிரமே தீர்ந்துடும்.

நாகை_மெரைன்:
அலசுறதிலேயும் கோளாறு இருக்கு. ரெண்டு நிமிஷம் பத்தாது. தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணிக்கு வழி திறக்கிற வால்வு) மூடியிருக்கிற வரைக்கும் ஹெட்டைச் சுத்தி தண்ணி ஓட்டம் ரொம்பக் கம்மி. டிரம்மில் இருக்கிற குளிர்ந்த தண்ணியில் அது திறக்கவே நேரம் ஆகும். உப்பு தங்குறது அந்த ஹெட்டில்தான், உங்க போல்ட் பூக்குறதும் அங்கதான். நியூட்ரலில் மெல்ல ஓட விட்டு 10 முதல் 15 நிமிஷம் ஓட்டுங்க. ப்ரொப்பெல்லரைக் கழட்டிட்டு ஓட்டுறது பாதுகாப்பு. ப்ரொப்பெல்லருக்கு மேல இருக்கிற தட்டைத் தாண்டி ஒரு சாண் தண்ணி நிக்கணும். தண்ணி இல்லாம சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது, பம்ப்ல இருக்கிற ரப்பர் இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளுற சக்கரம்) சில வினாடியில் கருகிடும்.

டிரம் தண்ணியைத் தினமும் மாத்துறீங்களா? ஒரே தண்ணியை ஒரு வாரம் வச்சிருந்தா அதுவே உப்புக் குளம், மேல எண்ணெய்ப் படலம் வேற. டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில் கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கிறது) ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. கடல் தண்ணியில் 35,000 பிபிஎம் கிட்ட இருக்கும். போர் தண்ணி 2,000-ஐத் தாண்டினா முதல் அலசலை மட்டும் அதில் முடிச்சு, கடைசியாக வேற டிரம்மில் நல்ல தண்ணியில் ஓட்டுங்க.

வலைக்காரன்77:
ரெண்டு மூடி கக்கூஸ் ஆசிட் டிரம்மில் ஊத்தி ஓட்டுனா உப்பெல்லாம் பறந்துடும். மேலே டீசல் அடிச்சு விட்டா துருவே வராது.

ஓபிஎம்_பட்டறை:
அதை மட்டும் செஞ்சிடாதீங்க. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், உப்பைத் தின்னுட்டு அடுத்து அலுமினியத்தைத் தின்னும். டீசல் ரப்பர் ஹோஸையும் சீலையும் ஊத வைக்கும், தூசி வேற ஒட்டும். எஞ்சின் மூடியைத் திறந்து நல்ல தண்ணி நனைச்ச துணியால் துடைச்சு, காய விட்டு, கரோஷன் ஸ்ப்ரே லேசா அடிச்சாப் போதும். ஏர் இன்டேக் பக்கம் படாம பார்த்துக்கணும்.

நூல் மாதிரி வர்ற தண்ணிக்கு: முதல்ல அந்த ஓட்டையில் தடிமனான தூண்டில் நரம்பை விட்டுக் குத்துங்க. பாதி நேரம் உப்புக்கட்டிதான் அடைச்சிருக்கும். சரியாகலைன்னா கியர் பாக்ஸை இறக்கி இம்பெல்லரைப் பாருங்க. பிளேடு ஏதாவது உடைஞ்சிருந்தா அந்தத் துண்டைத் தேடி எடுக்காம புதுசு மாட்டாதீங்க, அது மேலே குழாயில் போய்ச் சிக்கியிருக்கும். தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க, அதோட வால்வு வாயில் ஒரு நூலைக் கவ்வ விட்டு, தண்ணிப் பாத்திரத்தில் தொங்க விட்டுச் சூடு பண்ணுங்க. அதில் பொறிச்சிருக்கிற டிகிரி வரும்போது வாய் திறந்து நூலை விட்டுட்டு விழும். விழலைன்னா மாத்துங்க. கழட்டி வீசிட்டு ஓட்டுற பழக்கம் வேண்டாம்.

கீழக்கரை_பைபர்:
நன்றி அண்ணே. ஜிங்கைக் கழட்டினா அடியில் முழுக்கப் பெயிண்ட். மீட்டர் ஒண்ணுமே காட்டலை. சுரண்டி மாட்டினப்புறம் 0.4 காட்டுது. தெர்மோஸ்டாட்டில் நூல் விழவே இல்லை, புதுசு சொல்லியாச்சு. இப்ப ஹெட் கவரில் ஒரு போல்ட் அசையவே மாட்டேங்குது. 10-ஆம் நம்பர் ஸ்பேனர் வழுக்குது.

நாகை_மெரைன்:
இழுக்காதீங்க, 6 எம்எம் போல்ட், தலை போயிடும். ஆறு முனை சாக்கெட் போடுங்க, பன்னெண்டு முனை வேண்டாம். ஊடுருவும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்க. காலையில் தலையில் சுத்தியலால் நாலு தட்டு, முதல்ல கொஞ்சம் இறுக்கிட்டு அப்புறம் லூஸ் பண்ணுங்க. அப்பவும் வரலைன்னா எரிபொருள் டேங்க், ஹோஸ் எல்லாத்தையும் எடுத்து தள்ளி வச்சு, ஊத்தின எண்ணெயையும் துடைச்சிட்டு, போல்ட்டைச் சுத்தி இருக்கிற அலுமினியத்தை மட்டும் கேஸ் டார்ச்சில் சூடாக்குங்க. ஸ்டீலைவிட அலுமினியம் அதிகம் விரியும், பிடி விட்டுடும்.

திரும்பப் பூட்டும்போது மரைக்கு டெஃப்-ஜெல் மாதிரி பேஸ்ட், இல்லைன்னா மெரைன் கிரீஸ். செம்பு கலந்த கிரீஸ் கூடவே கூடாது, உப்புத்தண்ணியில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தா அலுமினியம்தான் போகும். அடிப்பாசிக்கு அடிக்கிற செம்பு பெயிண்டும் அப்படித்தான், கியர் பாக்ஸ் பக்கம் கொண்டு போகாதீங்க. குழியைச் சுரண்டி, வெள்ளைப் பொடி ஒரு துளி இல்லாம கழுவிக் காய வச்சு, எச் பிரைமர் (உலோகத்தில் பிடிச்சுக்குற முதல் பூச்சு), அதுமேல எபாக்ஸி பிரைமர், அப்புறம் பெயிண்ட். ஜிங்க் மேல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு அடிங்க.

ஓபிஎம்_பட்டறை:
கியர் பாக்ஸ் இறக்கும்போதே கியர் ஆயிலையும் பாரு தம்பி. பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி உள்ளே போகுது, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் தூண்டில் நரம்பு சுத்தி ஆயில் சீலைக் கிழிச்சிருக்கும். புது ஆயிலை கீழ் ஓட்டையிலிருந்து ஏத்து, மேல் ஓட்டையில் வழியுற வரைக்கும். முதல்ல மேல் ஸ்க்ரூவை மூடு, அப்புறம் கீழே. வாஷர் ரெண்டும் புதுசு.