பனிச்சரிவுத் தடுப்பு வெடிகளின் சத்தம்: வீட்டு உரிமையாளர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: மலையடிவாரம்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மேற்கு மலைப்பகுதியில், ஒரு பனிச்சறுக்குத் தளத்துக்குக் கீழே உள்ள குடியிருப்பில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. நாங்கள் வாங்கிய காலத்தில் ரோந்துக் குழுவினர் முகட்டின் மறுபக்கத்தில் கையால் வீசும் வெடிகளை மட்டுமே பயன்படுத்தி வந்தார்கள். அந்தச் சத்தம் எங்களை எட்டும்போது அடங்கிப்போயிருக்கும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. பின்னர், குடியிருப்பை நோக்கிய சரிவிலேயே வாயுவை நிரப்பித் தொலைவிலிருந்து வெடிக்கச் செய்யும் நிலையான குழாய்களை நிறுவினார்கள். இப்போது புயல் ஓயும் ஒவ்வொரு முறையும், விடியற்காலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவை வெடிக்கின்றன.

சன்னல் கண்ணாடிகள் சட்டத்தோடு சேர்ந்து அதிர்கின்றன. அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி ஒலிக்கின்றன. எங்களுடன் இருக்கும் என் தாயார் இதய நோயாளி. அவர் திடுக்கிட்டு எழுந்து, வெகுநேரம் படுக்கையிலேயே உட்கார்ந்திருக்கிறார். படுக்கையறைச் சன்னலின் மேல் மூலையிலிருந்து சுவர்ப்பூச்சில் சாய்வாக ஒரு விரிசலும் தோன்றியிருக்கிறது. தள நிர்வாகத்துக்கு எழுதினால், பொதுமக்களின் பாதுகாப்புக்காகச் செய்கிறோம் என்ற ஒரே பதில்தான் வருகிறது. பாதுகாப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இந்த வெடியால் வீட்டுக்குச் சேதம் வருமா, வழக்குத் தொடுக்க இடமுண்டா, அல்லது வேறு வழியில் தீர்த்துக்கொள்ள முடியுமா என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: முகட்டுக்காவல்

ஐயா, பல குளிர்காலங்கள் இந்தப் பணியில் இருந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். விடியலில் வெடிப்பது உங்களைத் துன்புறுத்துவதற்காக அல்ல. இரவில் பெய்த பனியும் காற்று அடித்துச் சேர்த்த பனியும் சரிவில் பலகைபோல் படிந்திருக்கும். சாலையிலும் சறுக்குப் பாதையிலும் மனிதர்கள் வருவதற்குள் அதை உடைத்துக் கீழே தள்ளியாக வேண்டும். 1982 மார்ச் 31 அன்று கலிபோர்னியாவின் ஆல்பைன் மெடோஸ் தளத்தில், மூடியிருந்த நாளிலேயே, அடிவாரக் கட்டடங்கள் வரை இறங்கிய பனிச்சரிவு ஏழு பேரைக் கொன்றது. இத்தொழிலில் இருக்கும் எவரும் அந்த நாளை மறப்பதில்லை.

நிலையான குழாய்கள் வந்ததற்கும் நியாயமான காரணம் உண்டு. யூட்டாவின் ஆல்ட்டாவில் 1949 முதல் இராணுவப் பீரங்கியால் சுட்டுப் பனியைத் தள்ளி வந்தார்கள். பின்னர் அது பல மலைச்சாலைகளுக்கும் பரவியது. ஆனால் 2005 மார்ச்சில் அதே மாநிலத்தில் அப்படிச் சுட்ட குண்டு ஒன்று இலக்கைத் தாண்டிப் பறந்து, பிளெசன்ட் குரோவ் ஊரில் ஒரு வீட்டின் பின்புறத்தில் விழுந்து வெடித்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. வெடிக்காத குண்டுகள் சரிவிலேயே கிடந்துவிடும் ஆபத்தும் அதில் இருக்கிறது. புரோப்பேனையும் ஆக்சிஜனையும் கலந்து எரியூட்டும் குழாயில் அந்த இரண்டு அபாயங்களும் இல்லை. கையில் வெடியோடு புயலில் முகட்டில் நடக்க வேண்டிய ஆளும் இல்லை.

ஆனால் உங்கள் குறையிலும் உண்மை இருக்கிறது. அதை நிர்வாகம் ஒப்புக்கொள்ளாதது தவறு. பனிக்குள் புதைத்த வெடியைவிடப் பனிப்பரப்புக்கு மேலே காற்றில் எழும் வெடி கூடுதலான பரப்பை அசைக்கும் என்பதால்தான் குழாயின் வாயைப் பனிக்கு மேலே நிறுத்துகிறார்கள். அதே காரணத்தால் அழுத்த அலையின் பெரும்பகுதி காற்று வழியே வெளியே செல்கிறது. முகடு குறுக்கே இருந்தவரை அது உங்களை மறைத்தது. இப்போது அந்த மறைப்பு இல்லை. போதாக்குறைக்கு, காற்றடங்கிய குளிர்ந்த விடியலில் பள்ளத்தாக்கின் தரையோரக் காற்று மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். அப்போது மேல்நோக்கிப் போக வேண்டிய ஒலி வளைந்து மீண்டும் கீழே வருகிறது. ஒரே அளவு வாயு ஒரு நாள் லேசாகவும் மறுநாள் வீடே குலுங்கும்படியும் கேட்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

பதில்: அதிர்வுமானி

வெடிப்பணிகளின் அதிர்வை அளப்பது என் தொழில். உங்கள் விரிசலைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆயினும் சில அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சுரங்கத் துறையில் வீடுகளைக் காக்க நீண்டகாலமாகக் கையாளப்படும் வரம்பு, காற்றதிர்வின் உச்சம் சுமார் 133 டெசிபல் என்பதாகும். இது ஏறக்குறைய 89 பாஸ்கல் அழுத்தம்; அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று சுவரின் மேல் தரும் அழுத்தத்துக்கு நெருக்கமானது. புயலின்போது அதைவிடப் பெரிய அழுத்தத்தை உங்கள் வீடு தாங்கியிருக்கக்கூடும். சன்னல் மூலையில் சாய்வாக ஓடும் விரிசல், மரச்சட்டம் காய்ந்து சுருங்குவதாலும் கூரையில் ஏறிய பனியின் பாரத்தாலும்கூட வரும். ஆகவே அளந்து பார்க்காமல் சேதத்தை முன்வைத்து வாதாடினால், எதிர்த்தரப்பின் நிபுணர் அந்த ஒரு விரிசலை வைத்தே உங்கள் முழு முறையீட்டையும் தள்ளிவிடுவார்.

கைப்பேசிச் செயலிகளால் அளக்காதீர்கள். அவை காட்டுவது காதின் உணர்வுக்கு ஏற்பத் திருத்திய அளவு. சன்னலை ஆட்டும் தாழ்ந்த அதிர்வெண்களை அவை கணக்கிலிருந்து கழித்துவிடும். தாழ்ந்த அதிர்வெண்களையும் முழுமையாகப் பதியும் வெடிக்கண்காணிப்புக் கருவியை வாடகைக்கு எடுத்து வீட்டுக்கு வெளியே வைத்து, புயல் வருமுன்பே பதிவைத் தொடங்குங்கள். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, தேதியிட்டு, அளவுகோலோடு படம் எடுத்துவையுங்கள். வெடிக்குப் பிறகு முனை நகர்ந்ததா என்பதை அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். தூக்கம் கெடுவது வேறு விஷயம். அதற்குச் சுவர் பிளந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பதில்: சட்டப்படி

முந்தைய பதிலின் கடைசி வரிதான் உங்கள் வழக்கின் உயிர். சேதம் நிரூபணமாகாவிட்டாலும், ஒருவர் தம் வீட்டை நிம்மதியாக அனுபவிக்கும் உரிமையில் அளவுக்கு மீறிக் குறுக்கிடுவது தொல்லை என்ற வகையில் வழக்குக்கு உரியது. அப்படி வழக்குத் தொடுத்தால், தளம் முன்பே இருந்தது, தெரிந்துதானே வந்தீர்கள் என்றுதான் எதிர்த்தரப்பு தொடங்கும். 1972இல் அரிசோனா உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்பர் நிறுவனத்துக்கும் டெல் வெப் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கை இங்கே நினைவுகூரலாம். முன்பே இருந்த மாட்டுக் கொட்டிலை நோக்கி வீட்டுமனைகளைப் பெருக்கிக்கொண்டு வந்த டெல் வெப் நிறுவனமே, கொட்டில் இடம்பெயரும் செலவை ஏற்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. உங்கள் நிலை அதற்கு நேர்மாறானது. தொல்லையை நோக்கி நீங்கள் போகவில்லை. வெடிக்கும் இடம் உங்களை நோக்கி வந்திருக்கிறது. வாங்கிய காலத்தின் படங்களையும் வீட்டின் நிலையைப் பற்றி விற்றவர் கையெழுத்திட்டுத் தந்த அறிவிப்புப் படிவத்தையும் தேடி எடுங்கள்.

ஆனால் வெடிப்பதை நிறுத்தச் சொல்லும் தடையாணையை எதிர்பார்க்காதீர்கள். நிறுத்துவதால் வரும் நட்டம் அண்டை வீட்டாரின் பாதிப்பைவிட மிகப் பெரிதாக இருந்தால், தொழிலை நிறுத்தாமல் இழப்பீட்டோடு முடிக்கலாம் என்பதை, ஒரு சிமென்ட் ஆலையின் தூசிக்கும் அதிர்வுக்கும் எதிராக அண்டை வீட்டார் நியூயார்க்கில் தொடுத்த வழக்கு 1970இலேயே காட்டிவிட்டது. உயிர்காக்கும் பணியில் நீதிபதி அதைவிட எச்சரிக்கையாக இருப்பார். அதைவிடப் பயனுள்ள கதவு அனுமதிப் பத்திரம். குழாய்களை நிறுவ உள்ளூர் நிர்வாகமோ, நிலம் தேசியக் காட்டுக்குரியதாக இருந்தால் வனத்துறையோ அனுமதி தந்திருக்க வேண்டும். அந்தக் கோப்பில் ஒலி ஆய்வு இருந்ததா, அது எந்த இடத்தில் அளக்கப்பட்டது, நேரக் கட்டுப்பாடு ஏதேனும் விதிக்கப்பட்டதா என்று தகவல் கேட்டு விண்ணப்பியுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: வெடிப்பது தளமா, மாநில நெடுஞ்சாலைத் துறையா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். அரசுத் துறையானால் அதை வழக்குகளிலிருந்து காக்கும் சட்டப் பாதுகாப்பும் குறுகிய காலக்கெடுவும் குறுக்கே வரும். உடனே உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள்.

மறுமொழி: மலையடிவாரம்

மூவருக்கும் நன்றி. அனுமதிக் கோப்பைக் கேட்டு நாளையே எழுதுகிறேன். முகட்டுக்காவல் ஐயாவிடம் ஒரு கேள்வி: பேச்சுவார்த்தைக்கு அவர்கள் இணங்கினால், தொழில்நுட்ப ரீதியாக எதைக் கேட்பது நியாயம்?

பதில்: முகட்டுக்காவல்

முதலில் முன்னறிவிப்பைக் கேளுங்கள். வெடிப்பதற்கு முந்தைய மாலையில் ஒரு குறுஞ்செய்தி, வெடிப்பதற்குச் சற்று முன் இன்னொன்று. செலவில்லாத இந்த ஒன்றே உங்கள் தாயாருக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். இதை மறுக்க எந்த நிர்வாகத்துக்கும் காரணமில்லை. அடுத்து, ராடார் அல்லது தாழ்ஒலி உணரிகளை (காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியைப் பதியும் கருவிகளை) கேளுங்கள். இருட்டிலும் பனிமூட்டத்திலும் பனிச்சரிவு இறங்கியதா என்று கண்ணுக்குத் தெரியாததால் சந்தேகத்தில் மறுபடியும் வெடிக்கிறார்கள். உணரி உறுதிப்படுத்தினால் அந்த மறுவெடிகள் குறையும். சாலை திறக்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைக்க முடிந்தால் நான்கு மணி வெடி ஆறு மணிக்கு நகரும். ஆனால் பனி கொட்டும் வேகம் அதிகமாக இருக்கும் இரவில் அதை வற்புறுத்தாதீர்கள். காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சரிவில் பாரம் ஏறிக்கொண்டிருக்கும், பிறகு இறங்குவது பெரிதாக இறங்கும்.

வீடுகளுக்கு மிக அருகில் உள்ள ஒரு குழாயையாவது அகற்றிவிட்டு, அந்தச் சரிவின் தலைப்பகுதியில் எஃகுத் தடுப்பு வேலிகளை நட முடியுமா என்றும் கேளுங்கள். சுவிட்சர்லாந்தில் ஊர்களுக்கு மேலே வரிசை வரிசையாக நட்டிருப்பது இவற்றைத்தான். பனியை நகரவிடாமல் அங்கேயே பிடித்துவைக்கும், சத்தமே இராது. செலவு மிக அதிகம் என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் உங்கள் குடியிருப்பு முழுவதும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, அளந்த பதிவுகளையும் இணைத்துக் கேட்டால், எந்தக் குழாய் எந்த வீட்டை எவ்வளவு பாதிக்கிறது என்ற கணக்கை அவர்கள் மேசைமேல் வைத்தே ஆக வேண்டும்.