கமான் பட்டை உடைந்த பிறகு அலைன்மெண்ட்: உங்கள் வண்டியில் என்ன நடந்தது?

லாரி ஓனர், நாமக்கல்:

பத்துச் சக்கர வண்டி, நாக்பூர் லைன். திரும்பி வரும்போது கர்நூல் தாண்டி ஒரு பள்ளத்தில் இடது முன் சக்கரம் இறங்கி கமானின் (வண்டி பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் தகடுகளின் அடுக்கு) மெயின் பட்டை உடைந்துவிட்டது. டிரைவர் ரோட்டோரப் பட்டறையிலேயே பட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் போன் வந்தது. "அண்ணே, பிரேக்கை மிதிச்சா வண்டி லெஃப்ட்ல இழுக்குது. நேரா ஓட்டவே ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பிப் புடிக்க வேண்டியிருக்கு" என்றார்.

ஊருக்கு வந்ததும் கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் (சக்கரக் கோணம்) பார்க்கும் இடத்தில் விட்டோம். இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைத் திருப்பி டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்தார்கள். திரையில் எல்லாம் பச்சை. வண்டி மட்டும் பழையபடியே இழுத்தது. மறுபடி போனால் டயர் காற்றைப் பாருங்கள் என்றார்கள், பிறகு ரோடு சாய்வாக இருக்கும் என்றார்கள். நாமக்கல்லில் எல்லா ரோடும் இடது பக்கமே சாய்ந்திருக்கிறதா என்ன! அதற்குள் முன் டயர் தேய ஆரம்பித்துவிட்டது. டயரின் ரப்பர் கட்டையின் மேல் கையை ஒரு பக்கம் தடவினால் வழவழ, திருப்பித் தடவினால் விரலைக் கிழிக்கும். முன் டயர் ஜோடி நாற்பதாயிரத்தைத் தாண்டுகிற காலம் இது.

கடைசியில் கமான் பட்டை வேலை மட்டும் பார்க்கும் ஒரு மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். அவர் மிஷினே எடுக்கவில்லை. சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, முன் ஆக்ஸிலிலிருந்தும் பின் ஆக்ஸிலிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். இரண்டு பக்கமும் டேப் பிடித்தால் இடது பக்கம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் குறைகிறது.

"ஆக்ஸிலே பின்னாடி போயிருச்சுங்க. சக்கரத்தை மட்டும் நேராக்கி என்ன பண்றதுங்க?" என்றார்.

யு போல்ட்டைக் கழற்றினால் சென்டர் போல்ட் தலை அறுந்து கிடக்கிறது. சென்டர் போல்ட் பட்டைகளைச் சேர்த்து வைக்கவும் ஆக்ஸிலை இடத்தில் உட்கார வைக்கவும்தான். பட்டையையும் ஆக்ஸிலையும் இறுக்கிப் பிடிப்பது யு போல்ட். ரோட்டோரத்தில் பழைய யு போல்ட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். இழுபட்டு நீண்ட போல்ட் எங்கே பிடிக்கும்? பிரேக் பிடிக்கப் பிடிக்க முழு பாரமும் சென்டர் போல்ட் மேல் விழுந்து அது அறுந்துவிட்டது. புது சென்டர் போல்ட், நான்கு புது யு போல்ட், குறுக்குக் குறுக்காக டைட். கிங் பின் (முன் சக்கரம் இடவலம் திரும்பும் முளை) ஆட்டம், டை ராட் முனை எல்லாம் பார்த்த பிறகுதான் அலைன்மெண்ட்டுக்கு அனுப்பினார். இழுப்பு நின்றுவிட்டது.

பட்டறைக்காரர், சங்ககிரி:

ஓனர் சொன்னது சரி. கூடவே ஆப்புத் தகட்டையும் பாருங்க. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் கேஸ்டருக்காக (கிங் பின் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) சில வண்டிகளில் வரும். பட்டை ஆக்ஸிலுக்கு மேலே உட்காரும் வண்டியில் ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் வரணும். அவசரத்தில் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். இப்படித்தான் ஒரு வண்டி வந்தது. டோ-இன் சுத்தமாக இருக்கிறது, ஆனால் வளைவில் திருப்பின ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை, நேர் ரோட்டில் அலைகிறது. ஸ்டியரிங் பாக்ஸைக் குறை சொல்லி அதையும் பிரித்துப் பார்த்திருந்தார்கள்.

டிரைவர், பெங்களூரு லைன்:

எனக்கு நேர்ந்தது பின்பக்கம். பின் ஆக்ஸிலைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் டார்க் ராடின் புஷ் தேய்ந்துபோய், பின் ஆக்ஸில் லேசாகக் கோணிக்கொண்டது. முன்பக்கம் எத்தனை தடவை அலைன்மெண்ட் பார்த்தும் ஸ்டியரிங் நேரா நிற்காது. மழை விட்ட ஒரு காலை, லோடு இறக்கின குடோன் வாசலில் ஈர மண்ணில் நேராக ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தேன். பின் டயர்த் தடம் முன் டயர்த் தடத்தை விட்டு ஒரு பக்கமாக விலகியிருந்தது. போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பினேன், அடுத்த நாளே புஷ் மாற்றச் சொல்லிவிட்டார்.

நாமக்கல் அண்ணா, புது யு போல்ட்டை மறுபடி டைட் வைத்தீர்களா?

லாரி ஓனர், நாமக்கல்:

வைத்தோம் தம்பி. லோடு ஏற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். இரண்டு நட் கால் சுற்று வாங்கியது.